இருபதாயிரம் எழுத்துகள்
(பத்தாம் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



எழுதும் எந்திரங்களைப் பற்றிப் பேசாத அவை இன்று இல்லை. அவற்றின் வரலாற்றில் ஒரு கிளை கவிதை நூலொன்றிலிருந்து முளைத்தது என்பதைக் கவிஞர்கள் அறிந்திருத்தல் நலம்.

1913ஆம் ஆண்டு சனவரியில், ரஷ்யாவின் செயிண்ட் பீட்டர்ஸ்பர்க் அறிவியற் கழகத்தில் கணித மேதை ஆந்திரேய் மார்க்கோவ் ஓர் ஆய்வுரை வழங்கினார். புஷ்கினின் 'எவ்கேனி அனேகின்' என்னும் செய்யுட் புதினத்தின் முதல் 20,000 எழுத்துகளை அவர் எடுத்துக்கொண்டார். சொல்லிடைவெளிகளையும் நிறுத்தற்குறிகளையும் நீக்கிவிட்டுக் கையால் எண்ணினார். உயிர் 8,638, மெய் 11,362. உயிரை அடுத்து உயிர் வருவது நூற்றுக்கு ஏறத்தாழ 13 முறை. மெய்யை அடுத்து உயிர் வருவது 66 முறை. முன்னெழுத்தைச் சார்ந்தே பின்னெழுத்து அமைகிறது என்பதை எண்கள் காட்டின.

தொல்காப்பியரின் மெய்ம்மயக்கம் நாம் அறிந்ததே. எம்மெய்யோடு எம்மெய் இயைந்து நிற்கும் என வரையறுத்தார் அவர். எத்தனை முறை நிற்கும் என்று கேட்டவர் மார்க்கோவ்.

இவ்வாய்வின் பின்னணியில் ஒரு பூசல் உண்டு. ஒன்றையொன்று சாராத நிகழ்ச்சிகளில்தான் சராசரி நிலைபெறும் என்றார் பாவெல் நெக்ராசோவ் என்னும் கணித அறிஞர். மனிதனின் சுதந்திர விருப்பத்திற்கும் அதையே சான்றாக்கினார். சங்கிலியாய்ப் பிணைந்தவற்றிலும் சராசரி நிலைபெறும் என 1906இலேயே மெய்ப்பித்திருந்தார் மார்க்கோவ். புஷ்கினின் பாடல் அதற்கு எடுத்துக்காட்டாயிற்று.

1948இல் அமெரிக்கரான கிளாட் ஷானன், இம்முறையால் ஆங்கிலச் சொற்களைக் கோத்து வரிகள் அமைத்துக் காட்டினார். 2017இல் வந்த டிரான்ஸ்பார்மர் அமைப்போ, முன்சென்ற நெடும்பகுதி முழுவதையும் ஒப்புநோக்கி அடுத்ததைக் கணிக்கிறது. முறை மாறிற்று, 'அடுத்து வருவது எது?' என்னும் கேள்வி மாறவில்லை.

நம் வட்டத்தில் ஒரு கவிதை படிக்கப்படும்போது, "இவ்வரி வருமென்று முன்பே தெரிந்தது" என்று ஒருவர் சொன்னால், எழுதியவர் முகம் வாடும். அத்தகைய வரி எந்திரத்திற்கு எளிது. ஆயினும் எதிர்பாராமை மட்டுமே கவிதையாகிவிடாது. சீட்டைக் குலுக்கினாலும் எதிர்பாராதது வரும். மார்க்கோவ் கண்ட சங்கிலிக்குள் நின்றே புஷ்கின் பாடினார். நம் யாப்பிலும் சீரைச் சீரோடு பிணைப்பதற்குத் தளை என்றுதானே பெயர்?

ஆகவே, இனி ஒரு கவிதையைக் கேட்கும்போது 'இதை எழுதியவர் யார்?' என்பதோடு, 'ஏன் இச்சொல்?' என்றும் கேட்போம். அக்கேள்விக்கு எழுந்து நின்று விடை சொல்ல ஒருவர் இருக்கும்வரை இவ்வட்டத்திற்கு வேலை உண்டு.