பெண்ணுக்கு மீசை முளைப்பது யார் செய்த பாவம்?



இன்று நான் பேச வந்த விஷயம் சிலருக்குச் சிரிப்பாயிருக்கும். பெண்களுக்கு மீசையும் தாடியும் முளைப்பானேன் என்பதுதான் அது. சிரிக்கிறவர்கள் சிரித்துத் தீர்த்துக் கொள்ளட்டும். ஆனால், இதற்காகக் கதவைச் சாத்திக் கொண்டு அழுகிற பெண்கள் நம் தெருக்களில் இருக்கிறார்கள் என்பதை மறக்க வேண்டாம்.

எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் 22 வயதுப் பெண். மோவாயில் மயிர் கண்டது. பெண் பார்க்க வந்த மூன்று கூட்டத்தார் பலகாரத்தைத் தின்றுவிட்டு, "லட்சணம் போதாது" என்று போய்விட்டார்கள். தாயார் சோசியனிடம் ஓடினாள். பூர்வஜென்ம பாவம் என்றான் அவன். பரிகாரத்துக்குப் பணமும் வாங்கினான். பணம் போயிற்று, மயிர் போகவில்லை. அந்தப் பெண்ணுக்கு மூன்று வருஷமாக மாதவிடாய் ஒழுங்காக வரவில்லை. அதை ஒருவராவது கேட்டார்களா? கேட்டிருந்தால் காரணத்துக்கு வழி தெரிந்திருக்கும்.

நான் வைத்தியனல்ல, படித்தறிந்ததைச் சொல்லுகிறேன். ஆண்ட்ரோஜன் என்ற ஹார்மோன் ஆணுக்கு மட்டும் உரியதல்ல. ஒவ்வொரு பெண்ணுக்கும் சினைப்பையிலும், சிறுநீரகத்தின் மேலுள்ள அட்ரீனல் சுரப்பியிலும் அது கொஞ்சம் சுரக்கிறது. அதன் அளவு மிஞ்சினாலும், அளவு சரியாயிருந்து மயிர்க்கால்கள் அதற்கு அதிகமாக இணங்கினாலும், முகத்துப் பூனைமயிர் தடித்துக் கறுக்கிறது. அளவு மிஞ்சப் பெரும்பாலும் காரணம் சினைப்பை நீர்க்கட்டிக் கோளாறுதான். 1935-லேயே ஸ்டெயின், லெவந்தால் என்ற அமெரிக்க வைத்தியர்கள் இதைப் பற்றி எழுதிவிட்டார்கள். மாதவிடாய் நிற்கும் வயதிலும், சில மருந்துகளாலும், பரம்பரையாலும் வருவதுண்டு. நூறு பெண்களில் 5 முதல் 10 பேருக்கு இது இருக்கிறது. இத்தனை பேரும் சேர்ந்து ஒரே பாவத்தையா செய்தார்கள்?

மனுதர்மம் மூன்றாம் அத்தியாயம் எட்டாம் சுலோகம், உடம்பில் மயிர் மிகுந்த பெண்ணையும் மணக்கக் கூடாது, மயிரே இல்லாத பெண்ணையும் மணக்கக் கூடாது என்கிறது. இருந்தாலும் குற்றம், இல்லாவிட்டாலும் குற்றம்! மாப்பிள்ளையின் மயிரைப் பற்றி அந்தச் சுலோகத்தில் ஒரு சொல் உண்டா? நோயை உண்டாக்கியது உடம்பு. வெட்கத்தை உண்டாக்கியது இந்தச் சாஸ்திரமும் கலியாணச் சந்தையுமே.

சிரைத்தால் தடித்து வளரும் என்று பயமுறுத்துவதும் பொய். 1928-லேயே டிராட்டர் என்ற அம்மையார் சோதித்துப் பார்த்து, அப்படியில்லை என்று காட்டினார். எடுக்க விரும்புகிறவள் எடுக்கட்டும், விரும்பாதவள் விட்டுவிடட்டும். முகம் அவளுடையது.

ஆனால் ஒன்று. மாதவிடாய் தவறினால் வைத்தியரிடம் போய் இரத்தப் பரிசோதனை செய்யுங்கள். நீர்க்கட்டிக் கோளாறு நாளடைவில் நீரிழிவையும் கொண்டு வரலாம். மயிர் திடீரென்று பெருகிக் குரலும் கட்டையானால் ஒரு நாளும் தாமதியாதீர்கள். உள்ளே கட்டி இருக்கலாம். சோசியனுக்குக் கொடுக்கும் பணத்தையும் நாளையும் வைத்தியத்துக்குக் கொடுங்கள் என்று கேட்டுக் கொண்டு, இவ்வளவோடு முடித்துக் கொள்ளுகிறேன்.