வீட்டுக்குள் ஒரு சர்வர்: ஒரு கற்றுக்குட்டியின் அனுபவம்

(முன்னாள் மாணவர் சந்திப்பு விழாவில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)

 

போன மாதம் நம் சங்கச் செயலாளர் போன் செய்து, "வீட்டிலேயே சர்வர் வைத்திருக்கிறீர்களாமே, அதைப் பற்றிப் பத்து நிமிடம் பேசுங்கள்" என்றார். "ஐயா, நான் கூட்டுறவு வங்கியில் கணக்கு எழுதுகிறவன். கம்ப்யூட்டர் படித்தவன் இல்லை" என்றேன். "அதனால்தான் கூப்பிடுகிறேன். படித்தவர்கள் பேசினால் எங்களுக்குப் புரிய மாட்டேனென்கிறது" என்று சொல்லிவிட்டார். ஆகவே, தெரிந்தவன் பேச்சாக இதை எடுத்துக்கொள்ள வேண்டாம். தவறு செய்தவன் பேச்சாகக் கேளுங்கள்.

சர்வர் என்ற பொருளை நான் முதலில் பார்த்தது இதே கல்லூரியில்தான். மாலை நேரக் கம்ப்யூட்டர் வகுப்பு. செருப்பைக் கழற்றி வெளியே வைத்துவிட்டு ஏ.சி. அறைக்குள் பயபக்தியோடு நுழைவோம். மூலையில் ஒரு கண்ணாடித் தடுப்பு. அதற்குள் ஒரு கம்ப்யூட்டர். "அது சர்வர், தொடாதே" என்பார் ஆய்வக உதவியாளர். எல்லா மெஷினையும் ஒரே கேபிள் கோத்துக்கொண்டு போகும். அதன் கடைசியில் சிறு மூடி போல ஒன்று இருக்கும். அதைக் கழற்றினால் அறை முழுவதும் நெட்வொர்க் நின்றுவிடும். 1995-இல் ஒருநாள் அதை யாரோ கழற்றிவிட, வகுப்பே ரத்தானது. அந்த யாரோ நான்தான். முப்பது வருடம் கழித்து இந்த மேடையில் ஒப்புக்கொள்கிறேன், மன்னிக்க வேண்டும்.

2021-இல் எனக்கு இந்த ஆசை வந்தது. வீட்டில் மூன்று போன், ஒரு லேப்டாப். படங்கள் ஆளுக்கொரு பக்கம் சிதறிக் கிடந்தன. எல்லாவற்றையும் ஓரிடத்தில் வைக்கலாமே என்று, ஏழாயிரம் ரூபாய்க்கு ஆபீசில் கழித்துப்போட்ட சின்ன கம்ப்யூட்டர் ஒன்றை வாங்கி வந்தேன். அம்மா கேட்டார்: "இது என்னப்பா?" "சர்வர்ம்மா." "சர்வரா? நாகேஷ் நடிச்சாரே, அதுவா?"

நான் சிரித்தேன். ஆனால் யோசித்துப் பார்த்தால் அம்மா சொன்னதுதான் சரியான விளக்கம். ஓட்டலில் சர்வர் என்ன செய்கிறார்? நாம் கேட்கும்வரை காத்திருக்கிறார். கேட்டதும் உள்ளே போய்க் கொண்டுவந்து வைக்கிறார். பத்து மேசைக்கும் அவர் ஒருவரே. இந்த மெஷினும் அவ்வளவுதான். தனி ஜாதிக் கம்ப்யூட்டர் ஒன்றும் இல்லை. எந்நேரமும் விழித்திருந்து, கேட்டவர்க்குக் கேட்டதைக் கொடுக்கும் எந்தக் கம்ப்யூட்டரும் சர்வர்தான்.

மாணவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும. நான் அதில் போட்ட மென்பொருள் எதற்கும் ஒரு பைசா செலவில்லை. அதைவிடப் பெரிய விஷயம், அவற்றில் பலவற்றைத் தொடங்கியவர்கள் அப்போது மாணவர்கள். லினக்ஸைத் தொடங்கிய லினஸ் டோர்வால்ட்ஸ், 1991-இல் ஹெல்சிங்கி பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த 21 வயது இளைஞர். நான் போட்ட டெபியன் என்ற தொகுப்பை 1993 ஆகஸ்டில் அறிவித்த இயன் மர்டாக், அமெரிக்காவில் பர்டியூ பல்கலைக்கழக மாணவர், வயது 20. விண்டோஸ் மெஷின்களோடு கோப்புகளைப் பகிர உதவும் சாம்பாவை (நம்ம சாம்பார் இல்லை, சாம்பா!) எழுதத் தொடங்கியபோது, ஆண்ட்ரூ டிரிட்ஜெல் ஆஸ்திரேலியாவில் ஆராய்ச்சி மாணவர். ஒரு டிஸ்க்கில் இருப்பதை இன்னொன்றுக்கு நகலெடுக்கும் ஆர்சிங்க் என்ற நிரலும் அவரும் பால் மக்கராஸும் சேர்ந்து 1996-இல் வெளியிட்டதுதான். அதே ஆண்டுகளில் நாங்கள் இங்கே கேபிள் மூடியைக் கழற்றிக்கொண்டிருந்தோம்.

பென் டிரைவிலிருந்து டெபியனை நிறுவ எனக்கு மூன்று ஞாயிற்றுக்கிழமை ஆனது. முதல் ஞாயிறு, பென் டிரைவிலிருந்தே மெஷின் எழும்பவில்லை. இரண்டாவது ஞாயிறு நிறுவினேன், ஆனால் மறுநாள் சர்வரைக் காணோம். ரௌட்டர் அதற்கு வேறு முகவரி கொடுத்துவிட்டது. கடைக்காரர் தினம் ஒரு தெருவுக்கு மாறினால் வாடிக்கையாளர் எங்கே போவார்? மூன்றாவது ஞாயிறு, ரௌட்டருக்குள் போய் அந்த மெஷினுக்கு 192.168 என்று தொடங்கும் ஒரே முகவரியை நிரந்தரமாக ஒதுக்கினேன். அன்று மாலை என் மனைவியின் போனிலிருந்து படங்கள் சர்வருக்கு ஏறின. "ஏங்க, வந்துடுச்சு!" என்று அவர் சொன்ன குரல் இன்னும் காதில் இருக்கிறது.

கரண்ட் பில் எவ்வளவு ஆகும் என்று பலரும் கேட்பீர்கள். என் மெஷின் சும்மா இருக்கும்போது சுமார் 20 வாட். 24 மணி நேரத்துக்கு அரை யூனிட்டுக்கும் கொஞ்சம் குறைவு. இரண்டு மாத பில்லில் 29 யூனிட். பழைய பெரிய டெஸ்க்டாப் என்றால் இதைப்போல மூன்று மடங்கு போகலாம். வாங்குமுன் பார்த்துக்கொள்ளுங்கள்.

கரண்ட் பற்றிப் பேசியதால் இன்னொன்று. உலகின் முதல் வெப் சர்வர், ஜெனீவா அருகே செர்ன் ஆராய்ச்சிக் கூடத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ 1990 இறுதியில் ஓடவிட்ட நெக்ஸ்ட் கம்ப்யூட்டர். அதன்மேல் ஒரு சீட்டு ஒட்டியிருந்தார். இது சர்வர், மின்சாரத்தை நிறுத்தாதீர்கள் என்று சிவப்பு மையில் கையால் எழுதிய சீட்டு. விஞ்ஞானிகள் நிறைந்த இடத்திலேயே அப்படி எழுத வேண்டியிருந்தது. நான் எழுதவில்லை. அயர்ன் பாக்ஸுக்கு பிளக் பாயின்ட் வேண்டுமென்று எங்கள் வீட்டில் யார் வேண்டுமானாலும் சர்வரைப் பிடுங்கினார்கள். யு.பி.எஸ்.ஸும் வாங்கவில்லை. அது என் தவறு.

இப்போது சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன்.

எங்கள் வகுப்பின் பிரிவு உபசார விழா, 1996 மார்ச். அதன் வீடியோ கேசட் என்னிடம்தான் இருந்தது. நாற்பது நிமிடம். அதில் எங்கள் நண்பன் ஒருவன் பாடியிருப்பான். அவன் இன்று நம்மோடு இல்லை. பெயர் சொல்லவில்லை, எங்கள் வகுப்பாருக்குத் தெரியும். 2022-இல் அந்தக் கேசட்டைக் கம்ப்யூட்டரில் ஏற்றி சர்வரில் வைத்தேன். "டிஜிட்டல் ஆகிவிட்டதே, இனி எதற்கு" என்று பூஞ்சை பிடித்த கேசட்டைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிட்டேன்.

சர்வரில் இரண்டு டிஸ்க். முதலாவதில் இருப்பதை இரவு இரண்டு மணிக்கு ஆர்சிங்க் இரண்டாவதில் நகலெடுக்கும். முதலாவதில் இல்லாததை இரண்டாவதிலிருந்தும் அழித்துவிடும். இரண்டும் ஒன்றுபோல இருக்கட்டும் என்று நானே அப்படி வைத்தேன். டிஸ்க் கிடைக்காவிட்டாலும் மெஷின் எழும்பட்டும் என்றும் நானே வைத்திருந்தேன்.

2023-இல் ஒருநாள் மாலை மின்சாரம் போய் வந்தது. மெஷின் எழும்பியது, முதல் டிஸ்க் எழும்பவில்லை. நான் கவனிக்கவில்லை. இரவு இரண்டு மணிக்கு ஆர்சிங்க் தன் வேலையைச் செய்தது. முதல் டிஸ்க் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் காலி அறை. காலியைப் பார்த்தது. இரண்டாவதையும் காலியாக்கியது. சொன்னதைத்தான் செய்தது, அதன்மேல் குற்றமில்லை. இரண்டு வாரம் கழித்து நான் பார்க்கும்போது முதல் டிஸ்க் செத்துப்போயிருந்தது. மீட்டுத் தரும் மென்பொருளையெல்லாம் போட்டுப் பார்த்தேன். பெயரில்லாத சில படங்கள் வந்தன, வீடியோ வரவில்லை.

அதே மாதம் அந்த நண்பனின் மகன் போன் செய்தான். "மாமா, அப்பா பாடின வீடியோ உங்ககிட்ட இருக்காமே. அக்கா கல்யாணத்துல போடணும்." நான் என்ன பதில் சொல்வேன்? இருபத்தைந்து வருடம் பிறர் பணத்துக்குக் கணக்கு வைத்தவன், நண்பன் குரலைத் தொலைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். உண்மையைச் சொல்லிவிட்டேன். அவன் கோபப்படவில்லை. "பரவாயில்ல மாமா" என்றான். அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது.

பிறகு ஒவ்வொருவராகப் போன் செய்தேன். கோயம்புத்தூர்த் தோழன் ஒருவன் 2022-இல் என் வீட்டுக்கு வந்தபோது பென் டிரைவில் கொஞ்சம் எடுத்துப் போயிருந்தான். "இடம் இல்லடா, பாட்டை மட்டும்தான் எடுத்தேன்" என்றான். நாலு நிமிடம். அந்த நாலு நிமிடம் கல்யாணத்தில் ஒலித்தது. மீதி முப்பத்தாறு நிமிடம் போனது போனதுதான். அதில் பேசிய இரண்டு பேராசிரியர்கள் இன்று இல்லை.

என் சர்வர் காப்பாற்றவில்லை. இன்னொரு ஊரில், இன்னொருவன் மேசை டிராயரில் கிடந்த பென் டிரைவ் காப்பாற்றியது. இதை விளக்கத்தான் இவ்வளவு பேசினேன்.

பீட்டர் க்ரோக் என்ற புகைப்படக் கலைஞர் பரப்பிய கணக்கு ஒன்று உண்டு: 3-2-1. மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வேறு இடத்தில். இப்போது அதைப் பின்பற்றுகிறேன். டிஸ்க் இருக்கிறதா என்று பார்த்த பிறகே நகலெடுப்பு தொடங்கும். ஒரே இரவில் நூறு கோப்புக்கு மேல் அழிக்கக் கூடாது என்று ஆர்சிங்குக்குக் கட்டளையிட்டிருக்கிறேன். பழைய பிரதிகளை மூன்று மாதம் வைத்திருக்கிறேன். மாதம் ஒருமுறை ஒரு டிஸ்க்கைப் பூட்டுச் சொல்லோடு பூட்டி, திண்டுக்கல்லில் தங்கை வீட்டில் கொடுத்துவிட்டு, அங்கிருக்கும் டிஸ்க்கைப் பஸ்ஸில் மதுரைக்குக் கொண்டுவருகிறேன். பூட்டுச் சொல்லைத் தாளில் எழுதி, எல்.ஐ.சி. பத்திரங்களோடு பீரோவில் வைத்து மனைவியிடமும் சொல்லியிருக்கிறேன். நாளை நான் இல்லையென்றால் அவர் திறக்க வேண்டுமல்லவா?

இன்னொரு பழக்கம், வங்கியில் கற்றது. கல்லாவில் இவ்வளவு இருக்கிறது என்று ஏட்டில் எழுதினால் போதாது, மாலையில் எண்ண வேண்டும். அதுபோல மாதம் ஒரு கோப்பை நகலிலிருந்து எடுத்துத் திறந்து பார்க்கிறேன். திறந்து பார்க்காத நகல், எண்ணாத கல்லா.

மாணவச் செல்வங்களே, வீட்டில் பழைய கம்ப்யூட்டர் இருந்தால் தூக்கிப் போடாதீர்கள். அதைச் சர்வராக்குங்கள். கெட்டுப்போகட்டும், திரும்பப் போடுங்கள். ஆனால் உங்கள் அம்மா அப்பா படங்களை அதில் வைக்குமுன் இரண்டாவது பிரதியை வேறு வீட்டில் வையுங்கள்.

தோழர்களே, மண்டப வாசலில் ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். கல்லூரிக் காலத்துப் படம், கேசட், கையெழுத்து ஏடு எது வைத்திருந்தாலும் உங்கள் பெயரை எழுதுங்கள். வந்து நகலெடுத்துக்கொள்கிறேன். ஒரு பிரதி உங்களுக்கு, ஒன்று கல்லூரி நூலகத்துக்கு, ஒன்று என் சர்வருக்கு. அசலைப் பழைய பேப்பர்காரரிடம் போட மாட்டேன் என்று உறுதி கூறுகிறேன்.