வாளுறையும் சோற்றுப் பசையும்

ஜப்பானில் பொதுவிடங்களில் வாள் தரித்தல் 1876ஆம் ஆண்டில் தடைசெய்யப்பட்டது. எஞ்சிய பழைய உறைகளை இன்று மாற்றியமைக்க விழைவோர், முதலில் அவற்றின் பசையை அறிதல் வேண்டும்.

வாளைப் பேணிவைக்கும் மெருகிடா உறைக்கு, நம் செண்பகத்தின் இனமான ஹோ மரத்தை இரு பாளமாக அறுத்து, வாளின் வடிவுக்கேற்ப அகழ்ந்து, சோற்றை மசித்த பசையால் ஒட்டுவர். வலுவற்ற பசையாயிற்றே என்பீர்கள். அதுவே வேண்டுவது! உள்ளே துரு படிந்தால் ஒட்டு மட்டும் விட்டுவிடும்; துருவைச் சுரண்டி மீண்டும் மூடலாம். வன்பசையிட்டாலோ, அடுத்த முறை மரமே பிளக்கும். பிறிதொரு வாளுக்காக உள்ளே குடைவது அதனினும் கொடிது. உரிய வாள் பின்னர் அங்கே ஆடும்.

திருப்பூர்ப் பக்கத்து நெசவாளர் சிலரிடம் இதைச் சொன்னேன்; அவர்கள் வியக்கவில்லை. நெய்யும்வரை பாவைக் காக்கும் கஞ்சி, பின்னர் நீரில் கழன்றுவிட வேண்டுமல்லவா?