மெருகு

கவிதையைச் செப்பனிடுவதையும் பொன்னை ஒளிரச் செய்வதையும் ‘மெருகேற்றுதல்’ என்ற ஒரே சொல்லால் தமிழர் குறிப்பர். அச்சொல்லின் முழுப்பொருளை நாகர்கோவில் வடசேரியில் காணலாம். வெள்ளிச் சட்டத்தில் சிவப்புக் கற்களைப் பதித்து, மேலே பொற்றகடு போர்த்திய கோயில் நகைகளுக்குப் பெயர்பெற்ற இடம் அது. பரதநாட்டியக் கலைஞர் விரும்பி அணிபவை அவை.

வெள்ளியை அரத்தால் தேய்த்துச் செப்பனிடலாம். மெல்லிய பொற்றகட்டைத் தேய்த்தால் கிழிந்துவிடும். வழுவழுப்பான கருவியால் சிறிது சிறிதாக அழுத்தியே ஒளியேற்ற வேண்டும். அடியில் அரத்தின் கீறல் எஞ்சியிருந்தால் பொன் அதை மறைக்காது. ஒளி ஏற ஏற வெளிக்காட்டும். ஆதலால் கைதேர்ந்த பொற்கொல்லர் விரைவதில்லை. விரல் நுனியால் தடவுவார், விளக்கொளியில் சாய்த்துப் பார்ப்பார், மீண்டும் அழுத்துவார். மங்கிய பரப்பில் ஒளி மெல்ல எழுவதைக் காண்பதே அவர் பெறும் இன்பம். உருப்படிக் கணக்கில் கூலி தரும் வணிகத்தில் அந்நேரத்திற்கு விலையில்லை. அச்சில் வார்த்த மலிவு நகைகள் மலிந்த சந்தையில் அந்த நிதானமே முதலில் பறிபோகிறது.

பத்தாண்டு நிறைவு காணும் இவ்வட்டத்துக் கவிஞர்க்கும் இவ்விரு பணிகள் உண்டு. மிகைச்சொல்லை நீக்குவது அரத்தின் வேலை. எஞ்சிய சொல்லை அதற்குரிய இடத்தில் படியவைப்பது மெருகின் வேலை. அதற்குரிய நேரத்தைக் கவிதைக்கு மறுக்காதிருப்போமாக.