நீச்சல் ஃபின்னும் நம் மொட்டை மாடியும்

குளச்சல், முட்டம் கரைகளில் ஃபைபர் படகுகளைப் பார்த்திருப்பீர்கள். அச்சு, துணி, பிசின்: காலில் மாட்டி நீந்தும் கார்பன் ஃபைபர் ஃபின்னுக்கும் இவையேதான்.

வழவழப்பான பிளைவுட்டைச் சுமார் 20 டிகிரி சாய்வில் இணைத்து, மெழுகு தடவினால் அச்சு தயார். துணி கால் பக்கம் அதிக அடுக்கு, நுனியில் குறைவு. அப்போதுதான் நுனி வளையும். எபாக்ஸியையும் ஹார்டனரையும் தராசில் நிறுத்தே கலக்க வேண்டும். வரவு செலவுபோல டேலி ஆகாவிட்டால் சரியாக இறுகாது. மொத்தமாகக் கலந்து வைத்தால் தானே சூடேறிப் புகையும்.

அறுக்கும்போது எழும் தூசி நுரையீரலுக்கு ஆகாது, மின்சாரத்தையும் கடத்தும். எனவே பூட்டிய அறையில் வேண்டாம், மோட்டார் பக்கமும் வேண்டாம். துணி காயாத நேரம் பார்த்து, நம் பிள்ளைகளுக்கு மாடியைக் கொடுப்போம். முகமூடி, கையுறை கட்டாயம்.