ரத்தம் எடுக்கும் முன் ஒரு வார்த்தை கேட்கணும்

பத்தாவது வரை படித்த என்னைக் கிராமத்திலிருந்து ராயப்பேட்டைக்கு அழைத்துப் பேச வைத்ததற்கு நன்றி.

எச்.ஐ.வி. என்றாலே நாம் குரலைத் தாழ்த்திடுவோம். இந்தியாவில் அதை முதலில் கண்டுபிடிச்சது இதே சென்னையில்தான், 1986-ல். கண்டுபிடிச்சவங்க பெண்கள். மருத்துவக் கல்லூரிப் பேராசிரியர் சுனிதி சாலமன், அவரிடம் படித்த நிர்மலா. நிர்மலாவுக்கு அப்போ வயசு 32, சின்னப் பிள்ளைகள் ரெண்டு. பாலியல் தொழில் செய்ததாகப் பிடித்துக் காப்பகத்தில் அடைத்திருந்த பெண்களிடம் போய் ரத்தம் எடுத்தார். கையுறைகூடக் கிடையாது. வீட்டு ஃபிரிட்ஜில் வைத்திருந்து, வேலூர் சி.எம்.சி.க்குக் கொண்டுபோனார். 6 பேர் ரத்தத்தில் கிருமி இருந்தது.

அந்தத் துணிச்சலால் நாடே விழித்தது. ஆனால் எதற்காக ரத்தம் எடுக்கிறோம் என்று அந்தப் பெண்களிடம் சொல்லவில்லை. அதுக்கப்புறம், கிருமி இருக்குன்னு தெரிந்த பெண்களைக் காலம் முடிஞ்சும் வெளியே விடவில்லை. பத்திரிகையாளர் சியாமளா நடராஜ் வழக்குப் போட்டார். 1990-ல் சென்னை உயர் நீதிமன்றம் விடுவிக்கச் சொன்னது. நோயைக் கணக்கெடுக்கப் போய், நோயாளியையே குற்றவாளி ஆக்கிட்டாங்க.

இன்றைக்கு நம் பயம் ஊசி போதை. ஒரே ஊசியை நாலு பேர் மாற்றி மாற்றிக் குத்தினால் ரத்தத்தோடு கிருமியும் போகும். இதுக்காகப் பிடிபடுகிறவன் யாரோ ஒரு தாயின் பிள்ளைதான். ஜெயிலில் எத்தனை பேருக்கு இருக்குன்னு கணக்கு வேண்டும். கணக்கு இல்லாவிட்டால் மருந்து எப்படி வரும்? ஆனால் கேட்டு, புரிய வைத்து, சம்மதம் வாங்கித்தான் சோதிக்கணும். முடிவை ரகசியமா வைக்கணும். 2017-ஆம் ஆண்டு எச்.ஐ.வி. சட்டம் இதைத்தான் சொல்லுது.

சகோதரிகளே, அரசு ஆஸ்பத்திரி நம்பிக்கை மையத்தில் பரிசோதனை இலவசம். ஏ.ஆர்.டி. மருந்தும் இலவசம். சந்தேகம் இருந்தால் 1097-க்குப் போன் போடுங்க. தொட்டாலும், ஒரே தட்டில் சாப்பிட்டாலும் இது ஒட்டாது.

நம் குழுவில் ஒருத்தி பிள்ளை பிடிபட்டால், அவள் சந்தா கட்ட வரும்போது பாயை நகர்த்திப் போடாதீங்க. பக்கத்தில் உட்கார வையுங்க. பரிசோதனைக்குக் கூடப் போங்க.