நூற்றுக்குப் பத்து!

ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்பார்கள். கூத்தெழுதிப் பிழைப்பவன் நான். ஆகவே அந்தப் பழமொழிமீது எனக்குச் சிறிது வருத்தம் உண்டு. ஊர் இரண்டுபட்டதால் எந்தக் கூத்தாடியும் மாடி வீடு கட்டியதாக நான் அறியேன். வாழ்ந்தவர்கள் வேறு. துப்பாக்கி விற்றோர் வாழ்ந்தனர். தொலைவில் நின்று, 'அடி, இன்னும் அடி' என்று தூண்டிவிட்டோர் வாழ்ந்தனர். ஊர் இரண்டுபட்டாலே இந்தக் கதி என்றால், ஒரு நாடு இரண்டுபட்டால்? வரலாறு தரும் விடைகளிலே ஒன்று, வியட்நாம்!

1945 செப்டம்பர் 2. ஹனோய் நகரத்துப் பா தின் சதுக்கம். மெலிந்த மேனியர் ஹோ சி மின், மேடையேறி விடுதலையை அறிவிக்கிறார். எவருடைய சொற்களைக்கொண்டு தொடங்கினார் தெரியுமா? மார்க்சின் சொற்களா? அல்ல. மாஸ்கோவின் சொற்களா? அதுவும் அல்ல. 1776-இல் அமெரிக்கா வெளியிட்ட விடுதலைப் பிரகடனத்தின் சொற்கள்! மனிதர் யாவரும் நிகர் என்று முழங்கியவர்கள், அம்முழக்கத்தைப் பிறர் முழங்கினால் மறுக்கமாட்டார்கள் என்று நம்பினார். அதிபர் ட்ரூமனுக்கு மடல் தீட்டினார். மறுமொழி வரவில்லை. மடலுக்கு மறுமொழி தராத அமெரிக்கா, மீண்டும் அடிமை கொள்ள வந்த பிரான்சுக்குப் பின்னர் பணம் தந்தது, படைக்கலமும் தந்தது. 1954-இல் அந்தப் போர்ச் செலவின் பெரும்பகுதி அமெரிக்க டாலராகவே இருந்தது.

ஆயினும் பிரான்சு தோற்றது. பீரங்கிகளைக் கயிறு கட்டி மலைமீது இழுத்தவர்களிடமும், மிதிவண்டியில் அரிசி மூட்டை சுமந்தவர்களிடமும் தோற்றது. 1954 மே 7-இல் தியென் பியன் பூ வீழ்ந்தது. ஜூலையில் ஜெனீவா உடன்பாடு. 17-ஆவது அட்சக்கோட்டை ஒட்டி ஒரு கோடு கிழித்தார்கள். அது நாட்டு எல்லை அல்ல, படைகள் பிரிந்து நிற்பதற்கான தற்காலிகக் கோடுதான் என்று எழுதினார்கள். 1956 ஜூலையில் நாடு முழுதும் தேர்தல் என்றும் எழுதினார்கள். உடன்பாட்டை மேற்பார்க்க அமைந்த பன்னாட்டுக் குழுவுக்கு இந்தியாதான் தலைமை. உடன் இருந்தவை போலந்தும் கனடாவும்.

தேர்தல் நடந்ததா? நடக்கவில்லை! தெற்கே ஆண்ட இங்கோ தின் தியெம் மறுத்தார்; அமெரிக்கா அவருக்கு அரணாக நின்றது. ஏன் மறுத்தார்? போர் நடந்த காலத்திலேயே தேர்தல் வைத்திருந்தால் நூற்றுக்கு எண்பது பேர் ஹோ சி மின்னுக்கே வாக்களித்திருக்கக்கூடும் என்று அதிபர் ஐசன்ஹோவரே தம் நினைவுக் குறிப்பில் எழுதினார். மக்களாட்சியைக் காக்க வந்தோம் என்றவர்கள், மக்களின் வாக்குச் சீட்டைக் கண்டு மருண்டார்கள். ஆடு நனைகிறதே என்று அழுத ஓநாயின் கண்ணீரைப் பற்றி உங்களுக்கு நான் விளக்க வேண்டுமா?

தேர்தல் தடுக்கப்பட்ட நாட்டில் துப்பாக்கி பேசத் தொடங்கிற்று. 1964 ஆகஸ்ட் 2-இல் டோங்கின் வளைகுடாவில் ஒரு மோதல். 4-ஆம் நாள் இரண்டாவது தாக்குதல் என்றார்கள். அப்படி ஒன்று நடக்கவே இல்லை என்பதை, 2005-இல் வெளியிடப்பட்ட அமெரிக்க உளவு நிறுவனத்தின் சொந்த ஆய்வே காட்டிற்று. நடக்காத தாக்குதலுக்கு நாடாளுமன்றம் தீர்மானம் போட்டது! கீழவையில் 416 பேர் ஆதரவு. எதிர்ப்பு ஒன்றுகூட இல்லை. மேலவையில் 88 பேர் ஆதரவு. எதிர்த்தவர் இருவர், மோர்ஸ், குருனிங். அந்த இருவரும் 1968-இல் பதவி இழந்தனர். பதவி போயிற்று, பழி அவர்களைத் தீண்டவில்லை.

1965 மார்ச் 8. டா நாங் கடற்கரையில் அமெரிக்கக் கடற்படை வீரர்கள் இறங்கினார்கள். பதினாறு நாட்கள் கழித்துப் பாதுகாப்புத் துறையின் உயர் அதிகாரி ஜான் மெக்நாட்டன், தம் அமைச்சருக்கு ஒரு குறிப்பு எழுதினார். எதற்காகப் போரிடுகிறோம் என்பதற்கு அதில் கணக்கே போட்டிருந்தார். நூற்றுக்கு எழுபது, அமெரிக்கா இழிவான தோல்வியடையாமல் இருக்க. நூற்றுக்கு இருபது, அந்த நிலம் சீனத்தின் கைக்குப் போகாமல் இருக்க. நூற்றுக்குப் பத்து, தென்வியட்நாம் மக்கள் மேலான வாழ்வு பெற!

கல்லூரிப் படிப்பைப் பாதியில் விட்டவன் நான். ஆனாலும் இந்தக் கணக்கு எனக்குப் புரிகிறது. உலகுக்கு உரைத்தது நூற்றுக்கு நூறு, ஏட்டில் எழுதியது நூற்றுக்குப் பத்து! 1971-இல் பென்டகன் ஆவணங்கள் வெளியானபோதுதான் அது உலகின் கண்ணுக்குத் தெரிந்தது.

அந்தப் பத்துக்கு உரியவர்கள் பெற்றது என்ன? வானிலிருந்து குண்டு மாரி. காட்டையும் கழனியையும் கருக்கிய நச்சு மருந்து, ஏறத்தாழ இரண்டு கோடி காலன். 1968 மார்ச் 16-இல் மை லாய் படுகொலை. வியட்நாம் கணக்குப்படி மாண்டோர் 504 பேர், கிழவர், பெண்டிர், குழந்தைகள். 1975 ஏப்ரல் 30-இல் சைகோன் வீழ்ந்து போர் முடிந்தபோது, அமெரிக்கர் 58,000-க்கு மேல் இறந்திருந்தனர். வியட்நாமியரோ, அவர்கள் அரசு 1995-இல் வெளியிட்ட கணக்கின்படி, பொதுமக்கள் மட்டும் இருபது இலட்சம்!

தோழர்களே! ஒரு பக்கத்துக் குற்றத்தைச் சொல்லி மறுபக்கத்துக் குற்றத்தை மறைப்பது நமக்கு அழகல்ல. வடக்கே நிலச் சீர்திருத்தத்தின் பெயரால் ஆயிரக்கணக்கானோர் கொல்லப்பட்டனர். தவறு நேர்ந்ததென 1956-இல் அக்கட்சியே ஒப்புக்கொண்டது. 1968-இல் ஹுவே நகரைப் பிடித்த வடக்குப் படையும் வியட்காங்கும் நிராயுதபாணிகளைக் கொன்று புதைத்தனர். 1975-க்குப் பின் முகாம்களில் அடைபட்டோர் பலர். படகேறிக் கடலில் தப்பியோர் பல இலட்சம். பிணத்துக்குக் கட்சி இல்லை. தாயின் கண்ணீருக்குக் கொடி இல்லை.

எதற்காக இவ்வளவும்? ஒரு நாடு சிவந்தால் ஆசியாவே சிவந்துவிடும், சீனம் அதை ஆட்டிவைக்கும் என்றார்கள். லாவோசும் கம்போடியாவும் சிவந்தன, அவ்வளவே. 1979-இல் அந்தச் சீனமே வியட்நாம்மீது படையெடுத்தது! 1995-இல் அமெரிக்கா வியட்நாமோடு தூதரக உறவு கொண்டது. 2023-இல் இரு நாடுகளும் விரிவான மூலோபாயக் கூட்டுறவு உடன்பாடு செய்துகொண்டன. ஆள்வது அதே கட்சி. பறப்பது அதே கொடி. கைகுலுக்க முடிந்த பகைவரோடு, 1945-இல் மடல் வந்த அன்றே கைகுலுக்கியிருக்கலாகாதா?

ஆகவே, பேரரசு எதுவாயினும், அது தாங்கும் தத்துவம் எதுவாயினும், 'உன் விடுதலைக்காக வந்திருக்கிறேன்' என்று எவர் படையோடு வந்தாலும், வரவேற்புப் பத்திரம் வாசிக்குமுன் ஒரு கேள்வி கேளுங்கள்: "உங்கள் கணக்கில் நாங்கள் நூற்றுக்கு எத்தனை?" நம் அவைகளில் போர்முரசு கொட்டி எல்லாக் கைகளும் உயரும்போதும் அதையே கேளுங்கள். கேட்பவர் இருவராக இருக்கலாம். இருவராவது இருக்கவேண்டும்!